சாகப்போகிறவர் பொய் சொல்லமாட்டாரா?

1869-இல் இங்கிலாந்தில் ஜென்கின்ஸ் என்பவர் மீது ஒரு கொலை வழக்கு. சாகும் தறுவாயில் இருந்த பெண்ணிடம் மாஜிஸ்திரேட்டின் எழுத்தர் வாக்குமூலம் வாங்கினார். பிழைப்பேன் என்ற நம்பிக்கை இல்லாத நிலையில் இதைச் சொல்கிறேன் என்று எழுதி, முழுவதையும் படித்துக் காட்டினார். அந்தப் பெண் ஒரே ஒரு திருத்தம் கேட்டார்: ‘இப்போதைக்கு’ என்று சேர்த்துக்கொள்ளுங்கள். எழுத்தரும் சேர்த்தார். ஜென்கின்ஸ் குற்றவாளி என்று தீர்ப்பானது. மேல்நீதிமன்றமோ அந்த ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டது. இப்போதைக்கு நம்பிக்கை இல்லை என்றால் நாளைக்கு வரலாம் என்று மனதின் ஓரத்தில் நினைத்திருக்கிறார். அப்படியானால் உயிராசை இன்னும் விடவில்லை. உயிராசை விடாதவர் சொன்னதை மரண வாக்குமூலமாக ஏற்க முடியாது. தீர்ப்பு ரத்தானது.

பைத்தியக்காரத்தனமாகத் தெரிகிறதா? அந்த விதி எந்த நம்பிக்கையின் மேல் நின்றதோ அதை ஒப்புக்கொண்டால், இந்த முடிவைத் தவிர வேறு முடிவுக்கு வர முடியாது. செத்தவரைக் கூண்டில் ஏற்றிச் சத்தியம் வாங்க முடியாது, குறுக்கு விசாரணை செய்ய முடியாது. அவர் சொன்னதை இன்னொருவர் வந்து சொல்வது செவிவழிச் சாட்சியம். பொதுவாக நீதிமன்றம் அதைத் தொடவே தொடாது. இதற்கு மட்டும் விலக்கு ஏன்? 1789-இல் உட்காக் வழக்கில் நீதிபதி அயர் சொன்ன விளக்கம்தான் இன்றுவரை எல்லோரும் திருப்பிச் சொல்வது: இந்த உலகத்தின் மேல் இருந்த நம்பிக்கையெல்லாம் போன கணத்தில், பொய் சொல்லத் தூண்டும் காரணங்கள் எல்லாம் அடங்கிப்போகின்றன; அந்த நிலைமையே சத்தியப் பிரமாணத்துக்குச் சமம். சத்தியம் என்பது கடவுளுக்குப் பயந்து சொல்வது, சாகிறவர் அந்தக் கடவுளின் வாசலில் நிற்கிறார் என்பது கணக்கு. இந்தக் கணக்கை அவர்கள் நேர்மையாகவே கடைசிவரை போட்டார்கள். 1829-இல் பைக் வழக்கில் இறந்துபோன நான்கு வயதுக் குழந்தை சொன்னதை ஏற்க மறுத்தார்கள். அந்த வயதில் மறுமை என்றால் என்னவென்று தெரியாது. மறுமை தெரியாதவருக்கு மறுமையைப் பற்றிய பயமும் இருக்காது.

நம்மூரில் இதே எண்ணம் வேறு வாக்கியத்தில் இருக்கிறது. ‘சாகப்போற நேரத்துல எதுக்குய்யா பொய் சொல்லப்போறான்?’ தீர்ப்புகளில் இது லத்தீனில் வரும்: ‘நெமோ மொரிட்டூரஸ் பிரசூமிட்டர் மென்டிரே’. படைத்தவன் முன்னால் வாயில் பொய்யோடு போய் நிற்கமாட்டான் என்ற விளக்கமும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். மரண வாக்குமூலத்தை வைத்துத் தண்டித்த இந்தியத் தீர்ப்புகள் பலவற்றில் இதைப் பார்க்கலாம்.

வேடிக்கை என்னவென்றால், நம் சட்டம் இந்த நம்பிக்கையின் மேல் எழுதப்படவே இல்லை.

1872-ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டத்தில் இது 32(1) பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதினியத்தில் 26(அ). எண்தான் மாறியது, சரக்கு அதேதான். இலங்கையின் 1895-ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டத்திலும் அதே 32(1) இன்றும் இருக்கிறது. ஒருவர் தம் சாவுக்கான காரணத்தைப் பற்றியோ, சாவில் போய் முடிந்த நிகழ்வின் சூழ்நிலைகளைப் பற்றியோ சொன்னது சாட்சியமாகும் என்று சொல்லிவிட்டு, அடுத்த வாக்கியத்தில் அந்தப் பிரிவே இன்னொன்றையும் சேர்க்கிறது: சொன்ன நேரத்தில் அவர் சாவை எதிர்பார்த்தாரா இல்லையா என்பது பொருட்டல்ல. எந்த வகை வழக்கு என்பதும் பொருட்டல்ல. ஜென்கின்ஸ் வழக்கு இங்கே நடந்திருந்தால் ‘இப்போதைக்கு’ என்ற சொல்லை யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சாவை எதிர்பார்க்காதவரைப் படைத்தவன் வாசலில் எப்படி நிறுத்துவது? அந்த ஒரு வாக்கியத்தோடு ஆங்கிலக் கோட்பாட்டின் உயிர் போய்விட்டது.

இதை எழுதியவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன். 1869 முதல் 1872 வரை வைசிராய் அவையின் சட்ட உறுப்பினர். 1883-இல் வந்த தம் குற்றவியல் சட்ட வரலாற்றில் இந்த விதியைப் பற்றி இரண்டு செய்திகளைப் போகிறபோக்கில் குறித்திருக்கிறார். ஒன்று பஞ்சாப். அங்கே வெட்டுப்பட்டுக் கிடப்பவர் பரம்பரைப் பகையாளிகள் அத்தனை பேரையும் சம்பவ இடத்துக்கு இழுத்துவந்துவிடுவார், பழிதீர்க்க அதுதான் கடைசி வாய்ப்பு என்று கேள்விப்பட்டாராம். இன்னொன்று மதராஸ். இந்த ஊர்க்காரர் ஒருவர் சொன்னாராம்: இப்படிப்பட்ட சாட்சியத்தை எந்த வழக்கிலும் ஏற்கவே கூடாது, சாகப்போகிறவனுக்கு உண்மை பேசவேண்டிய அவசியம்தான் என்ன இருக்கிறது?

பஞ்சாபைப் பற்றிய பேச்சில் அந்தக் காலத்து வெள்ளைக்கார அதிகாரியின் மமதை தெரியாமல் இல்லை. ஆனால் பெயர் தெரியாத அந்த மதராஸ்காரர் கேட்டது இருநூறு ஆண்டு ஆங்கிலத் தீர்ப்புகளையும் ஒரே கேள்வியில் கவிழ்க்கிறது. நீதிபதி அயர் பொய்க்கான காரணங்கள் அடங்கிவிடும் என்றார். பொய்க்கான தண்டனையும் அதே நொடியில் அடங்கிவிடுகிறதே என்றார் இவர். கூண்டில் நிற்கும் சாட்சிக்குப் பொய்ச்சாட்சி வழக்கு வரும், ஊரில் தலைகாட்ட முடியாது, வக்கீல் நோண்டியெடுப்பார். கட்டிலில் கிடப்பவரை யார் என்ன செய்துவிட முடியும்? மறுமையை நம்புகிறவரை அந்தப் பயம் தடுக்கும். நம்பாதவரை எது தடுக்கும்? நீதிமன்றமோ அவர் நம்பினாரா என்று விசாரிப்பதில்லை.

இங்கிலாந்திலேயேகூட அந்த நம்பிக்கையை முழுதாகக் கடைப்பிடிக்கவில்லை. சாகிறவர் பொய் சொல்லமாட்டார் என்பது உண்மையானால், எந்த வழக்கில் என்பது முக்கியமில்லை. அவர்களோ அவரைக் கொன்றதாக நடக்கும் வழக்கில் மட்டும்தான் ஏற்றார்கள். அதே நபர் அதே மூச்சில் ஒரு கொள்ளையைப் பற்றிச் சொல்லியிருந்தால் கொள்ளை வழக்கில் செல்லாது. இங்கேயும் ஏறக்குறைய அப்படித்தான்: வழக்கு எந்த வகையானாலும், சொன்னவரின் சாவுக்கான காரணம் அதில் கேள்வியாக இருக்க வேண்டும். ‘என்னை வெட்டியது இன்னார்’ என்பது 26(அ)-இல் வரும். ‘அவன் எனக்கு இரண்டு லட்சம் தரணும்’ என்பது வராது. சாவு வாயைச் சுத்தப்படுத்துகிறது என்றால் ஒரு வாக்கியத்துக்கு மட்டும் ஏன் சுத்தப்படுத்த வேண்டும்?

அப்படியானால் நம் சட்டத்தின் உண்மையான அடித்தளம் எது? இரண்டு இடங்களில் அது வெளியே துருத்திக்கொண்டு தெரிகிறது.

முதலாவது, 1939-இல், அன்று நமக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் தீர்த்த பகாலா நாராயண சுவாமி வழக்கு. 1937 மார்ச்சில் பூரி ரயில் நிலையத்தில் மூன்றாம் வகுப்புப் பெட்டியில் ஒரு இரும்பு டிரங்குப் பெட்டி கேட்பாரற்றுக் கிடந்தது. திறந்தால் ஏழு துண்டுகளாக வெட்டப்பட்ட ஓர் ஆணின் உடல். பித்தாபுரத்துக்காரர் அவர். புறப்படும் முன் மனைவியிடம் சொல்லியிருந்தார்: எதிரியின் (குற்றம் சாட்டப்பட்டவரின்) மனைவி பணம் வாங்கிக்கொள்ள பெர்ஹாம்பூருக்கு வரச்சொல்லிக் கடிதம் போட்டிருக்கிறார், போய்வருகிறேன். இது மரண வாக்குமூலமாகச் செல்லும் என்றார் அட்கின் பிரபு. கடன் வசூலுக்குக் கிளம்பிய மனிதர், திரும்பி வந்துவிடுவோம் என்ற நினைப்பில் வாசற்படியில் சொன்ன வார்த்தை அது. அங்கே படைத்தவனும் இல்லை, மறுமையும் இல்லை. 1984-இல் சரத் பிர்திசந்த் சார்தா வழக்கில், இறந்த இளம்பெண் சாவதற்கு முந்தைய சில வாரங்களில் சகோதரிக்கும் தோழிக்கும் எழுதிய கடிதங்களையும் உச்ச நீதிமன்றம் இதே பிரிவில் ஏற்றது.

இரண்டாவது இன்னும் பளிச்சென்றது. வாக்குமூலம் கொடுத்தவர் பிழைத்துவிட்டால்? சாவு நிச்சயம் என்று நம்பி, கடவுளை நினைத்து, கண்ணீரோடு சொன்னது. அந்தக் கோட்பாட்டின்படி அது சத்தியத்துக்குச் சமம். பிழைத்த பிறகும் அந்தத் தூய்மை எங்கும் போய்விடவில்லை. சட்டம் என்ன செய்கிறது? 26(அ) அந்த நிமிடமே விலகிக்கொள்கிறது. மாஜிஸ்திரேட் பதிந்திருந்தால் அது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 164, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 183-இன் கீழான வாக்குமூலம் என்ற அளவுக்கு இறங்கிவிடும். அவர் கூண்டுக்கு வந்து சொல்வதை வலுப்படுத்தவோ முரண்படுத்தவோ மட்டும்தான் பயன்படும். 1999-இல் ராம்பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்.

ஆக, சட்டம் அந்தச் சொல்லை ஏற்பது தூய்மைக்காக அல்ல, சொன்னவரைக் கூப்பிட வழியில்லை என்பதற்காக. அவசியம்தான் அடித்தளம். கொலைகளில் பல இரண்டே பேர் இருந்த இடத்தில் நடப்பவை. ஒருவர் செத்துவிட்டார், மற்றவர் எதிரி. செத்தவர் சொன்னதையும் தள்ளிவிட்டால், சாட்சியை உயிரோடு விடாத கொலையாளிக்குச் சட்டமே பரிசு கொடுத்ததாகிவிடும்.

இங்கே ஒரு வழுக்கலான வாதம் உண்டு. குறுக்கு விசாரணை செய்ய முடியவில்லையே என்று எதிரி எப்படிக் குறைபட முடியும், அவரல்லவா அந்தச் சாட்சியைக் கொன்றது என்று கேட்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். அவர் கொன்றாரா என்பதுதானே வழக்கே! முடிவை முதலில் வைத்துக்கொண்டு, அந்த முடிவுக்குப் போகும் சாட்சியத்துக்கு அதையே நியாயமாகக் காட்டுகிற சுற்று இது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2008-இல் கைல்ஸ் வழக்கில் இதை மடக்கியது: சாட்சி சொல்லவிடாமல் தடுக்கும் எண்ணத்தோடு கொன்றால்தான் குறுக்கு விசாரணை உரிமை பறிபோகும், கொன்றதாகக் குற்றச்சாட்டு இருப்பதாலேயே போய்விடாது.

அமெரிக்கா இன்றும் சாவை எதிர்பார்த்திருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையை வைத்திருக்கிறது. 1933-இல் ஷெப்பர்ட் வழக்கில், ராணுவ மருத்துவரான கணவர் தனக்கு விஷம் வைத்துவிட்டார் என்று மனைவி நர்ஸிடம் சொன்னதை நீதிபதி கார்டோசோ ஏற்கவில்லை. அப்போது அவருக்குப் பிழைப்போம் என்ற நம்பிக்கை இருந்தது. இங்கிலாந்தோ 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பழைய விதியைத் தூக்கிப்போட்டுவிட்டு, சாட்சி இறந்துவிட்டார் என்ற காரணத்துக்காகவே வாக்குமூலத்தை ஏற்கிறது. ஏறக்குறைய ஸ்டீபன் வந்து நின்ற இடத்துக்கு 131 ஆண்டு கழித்து வந்திருக்கிறார்கள். லத்தீன் வாக்கியம் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

வாக்கியம் தங்கினால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். ஒரு சாட்சியின் பேச்சு நாலு கால்களில் நிற்கிறது: சரியாகப் பார்த்திருக்க வேண்டும், சரியாக நினைவில் வைத்திருக்க வேண்டும், நேர்மையாகச் சொல்ல வேண்டும், கேட்பவருக்குச் சரியாகப் போய்ச்சேர வேண்டும். சாகிறவர் பொய் சொல்லமாட்டார் என்பது மூன்றாவது காலை மட்டும் தாங்குகிறது, அதுவும் அரைகுறையாக. மற்ற மூன்று கால்களையும் சாவு பலவீனப்படுத்தவே செய்கிறது. ரத்தம் வடிந்து மூளைக்குப் பிராணவாயு குறையும்போது குழப்பம் வருகிறது. இருட்டில் பின்னாலிருந்து விழுந்த வெட்டு, சாவு நெருங்குவதால் முன்னாலிருந்து விழுந்ததாக மாறிவிடாது. ஆனால் அந்த வாக்கியத்தை மேற்கோள் காட்டியதும், பொய் இல்லை என்பதிலிருந்து தவறும் இல்லை என்பதற்குத் தீர்ப்பு தாவிவிடுகிறது. எனக்குத் தெரிந்து இந்தப் பிரிவில் நடக்கும் பெரிய தப்பு இந்தத் தாவல்தான்.

உச்ச நீதிமன்றத்தின் குஷால் ராவ் தீர்ப்பு (1957) தாவவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1953-இல் ராம்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம், இது பலவீனமான சாட்சியம், துணை ஆதாரம் இல்லாமல் தண்டிப்பது பாதுகாப்பல்ல என்றிருந்தது. மதராஸ் உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு அதற்கு முன்பே, 1940-இல் வெளிவந்த குருசாமி தேவர் தீர்ப்பில், அப்படியொரு பொது விதி கிடையாது, வழக்குக்கு வழக்கு பார்க்க வேண்டியதுதான் என்று சொல்லியிருந்தது. குஷால் ராவில் உச்ச நீதிமன்றம் மதராஸ் பக்கம் சாய்ந்தது. முழு நம்பிக்கை பிறந்தால் மரண வாக்குமூலத்தை மட்டும் வைத்தே தண்டிக்கலாம். ஆனால் நம்பிக்கை எதிலிருந்து பிறக்க வேண்டும் என்ற பட்டியலில் படைத்தவன் இல்லை. இரவென்றால் போதிய வெளிச்சம் இருந்ததா, நினைவு தெளிவாக இருந்ததா, பலமுறை சொல்லியிருந்தால் ஒன்றுபோல் இருக்கிறதா, முதல் வாய்ப்பிலேயே சொன்னாரா, சொல்லிக்கொடுக்க ஆள் பக்கத்தில் இருந்தார்களா என்பவைதான் இருக்கின்றன. கேள்வி பதிலாக, சொன்னவரின் சொந்த வார்த்தைகளில் மாஜிஸ்திரேட் பதிந்தது, யாரோ காதில் கேட்டதாகச் சொல்வதைவிட மேலானது என்றும் சொன்னது.

நடைமுறையில் இது எப்படி நடக்க வேண்டும்? அரசு மருத்துவமனையிலிருந்தோ காவல் நிலையத்திலிருந்தோ நீதித்துறை நடுவருக்கு, அதாவது மாஜிஸ்திரேட்டுக்கு, தகவல் போகும். அவர் வந்ததும் தாம் யார் என்று நோயாளியிடம் சொல்ல வேண்டும். போலீஸ்காரர்களையும் உறவினர்களையும் அறையைவிட்டு வெளியேற்ற வேண்டும். திரைக்கு அந்தப் பக்கம் நிற்பது வெளியேறியதாகாது. டூட்டி டாக்டர் பரிசோதித்து, நோயாளி நினைவோடும் வாக்குமூலம் தரும் மனத்தெளிவோடும் இருக்கிறார் என்று எழுதித் தர வேண்டும். ‘நினைவோடு இருக்கிறார்’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போகும் டாக்டர்கள் அதிகம். கண் திறந்திருப்பது வேறு, கேள்வியைப் புரிந்துகொண்டு பதில் சொல்வது வேறு. பிறகு நடுவர் தாமாகவே சோதிக்க வேண்டும்: உங்கள் பெயர் என்ன, இது எந்த இடம், இன்றைக்கு என்ன கிழமை, நான் யாரென்று சொன்னேன்? இந்தக் கேள்விகளும் பதில்களும் அப்படியே தாளில் ஏற வேண்டும். அதன்பின் ‘என்ன நடந்தது?’ என்பதுதான் முதல் கேள்வி. ‘யார் செய்தது?’ என்று தொடங்கினால், யாரோ செய்தார்கள் என்பதை நடுவரே சொல்லிக்கொடுத்ததாகிவிடும். ‘உன் புருஷன்தானே?’ என்று கேட்டுத் தலையாட்டலை வாங்கிய வாக்குமூலம் எதற்கும் உதவாது. ஆரம்பித்த நேரம், முடித்த நேரம், படித்துக்காட்டியது, கையெழுத்து அல்லது கைரேகை, கடைசிவரை மனத்தெளிவு இருந்தது என்று டாக்டரின் இரண்டாவது சான்று. உறையிட்டு முத்திரை.

டாக்டரின் சான்று இல்லாவிட்டால் என்ன என்பதில் பெரிய இழுபறி நடந்தது. 1999-இல் பாபரம்பகா ரோசம்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் மனத்தெளிவுச் சான்று இல்லாததைக் குறையாகக் கண்டு வாக்குமூலத்தைத் தள்ளினார்கள். 2002-இல் லக்ஷ்மண் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது: சான்று என்பது எச்சரிக்கைக்கான விதி, பதிந்தவருக்குத் திருப்தி இருந்தால் போதும். வாக்குமூலத்துக்குத் தனி வடிவமும் கிடையாது, மாஜிஸ்திரேட்தான் பதிய வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. சட்டமாக இது சரிதான். நடுக்காட்டில் விபத்துக்குள்ளானவரிடம் டாக்டரும் நடுவரும் எங்கே போவது? ஆனால் பத்து நிமிட நடையில் டாக்டர் இருக்கும் மருத்துவமனையிலும் சான்று இல்லாமல் பதிந்துவிட்டு லக்ஷ்மண் தீர்ப்பைக் காட்டுகிறார்கள். அவசியம்தான் அடித்தளம் என்றால், அவசியமில்லாத இடத்தில் குறுக்குவழிக்கு இடமில்லை. புலனாய்வு அதிகாரியே வாக்குமூலம் பதிவதை ஊக்குவிக்கக் கூடாது என்று 1976-இல் வெளிவந்த முன்னு ராஜா தீர்ப்பிலேயே சொல்லியாயிற்று. இன்றும் பதிகிறார்கள்.

மருத்துவப் பக்கம் வக்கீல்கள் அதிகம் தொடாதது. கடுமையான தீக்காயத்தில் முதல் சில மணி நேரம் நோயாளி ஆச்சரியப்படும் அளவுக்குத் தெளிவாக இருப்பார். ஆழமான காயத்தில் நரம்பு முனைகளே கருகிவிடுவதால் வலிகூடக் குறைவாக இருக்கும். பிறகு மூச்சுக்குழாய் வீங்கிக் குரல் போகும், குழாய் போட்டுவிட்டால் பேச்சே கிடையாது, அடுத்து அதிர்ச்சி நிலை, நாட்கள் கழித்துத் தொற்று. ஆகவே 100 சதவீதத் தீக்காயம் என்பதாலேயே பேசியிருக்க முடியாது என்று வாதாடுவது எடுபடாது; 2013-இல் தல்சிங் வழக்கில் எடுபடவில்லை. மாறாக, 2003-இல் வெளிவந்த சாக்கோ தீர்ப்பில், 80 சதவீதத் தீக்காயத்தோடு எழுபது வயது மூதாட்டி எட்டொன்பது மணி நேரம் கழித்து நுணுக்கமான விவரங்களோடு சொன்னதாக வந்த வாக்குமூலத்தை உச்ச நீதிமன்றம் நம்பவில்லை. பார்க்க வேண்டியது சதவீதத்தை அல்ல, நேரத்தையும் மருந்தையும். பெத்திடின், பென்டாசோசின் போன்ற ஊசி எத்தனை மணிக்குப் போட்டார்கள், வாக்குமூலம் எத்தனை மணிக்கு? பூச்சிமருந்து விஷத்துக்கு முறிவாக அட்ரோபின் ஏற்றியிருந்தால், அதுவே மனப் பிறழ்வை உண்டாக்கும். இல்லாத ஆட்களைப் பார்த்துப் பேசுவார்கள். தலைக்காயத்தில் நடுவே சிறிது நேரம் தெளிந்து மறுபடி மங்குவதும் உண்டு.

பேச முடியாதவர் சைகையால் சொன்னாலும் செல்லும். 1885-இல் அலகாபாத் முழு அமர்வு, கழுத்து அறுபட்ட பெண் கேள்விகளுக்குக் கையசைத்துச் சொன்னதை அப்துல்லா வழக்கில் ஏற்றது. 2012-இல் ஓடும் பேருந்தில் நடந்த டெல்லி பாலியல் வன்கொலை வழக்கிலும் மூன்று வாக்குமூலங்களில் கடைசியானது சைகையாலும் எழுத்தாலும் பதிவானது. சைகையில் ஆபத்து ஒன்றுதான்: பெயரைக் கேள்வி கேட்பவர் சொல்கிறார், நோயாளி ஆமோதிக்கிறார். ஆகவே சம்பந்தமில்லாத பெயர்களையும் கலந்து கேட்டு, அவற்றுக்கு ‘இல்லை’ வந்ததையும் பதிந்திருக்க வேண்டும்.

இனி, இந்தப் பிரிவின் அறச்சிக்கல் முழுதாகக் கூடி நிற்கும் இடத்துக்கு வரலாம். திருமணமாகிச் சில ஆண்டுகளில் தீக்காயத்தோடு வரும் பெண். கொண்டுவந்தது புகுந்த வீட்டார். டூட்டி டாக்டரிடம் ‘ஸ்டவ் வெடிச்சிருச்சு’ என்கிறார். மறுநாள் அம்மா வந்த பிறகு நடுவரிடம் ‘அவர்தான் ஊத்திப் பத்தவெச்சார்’ என்கிறார். இரண்டில் எது?

லத்தீன் வாக்கியத்தை நம்பினால் இரண்டுமே உண்மையாக வேண்டும். ஏனென்றால் இரண்டையும் சொன்னவர் சாகப்போகிறவர். ஒன்று பொய் என்றால் சாகப்போகிறவர் பொய் சொல்லியிருக்கிறார். சொல்வதற்குக் காரணமும் இருக்கிறது: பிள்ளைகளை யார் பார்ப்பார்கள், அப்பனும் ஜெயிலுக்குப் போனால்? கட்டிலைச் சுற்றி நிற்பதே அவருடைய ஆட்கள் என்ற பயம் ஒரு பக்கம், இத்தனைக்குப் பிறகும் விட்டுப்போகாத பிரியம் இன்னொரு பக்கம். உலகப் பற்றெல்லாம் அறுந்துவிடும் என்று கணக்குப் போட்ட நீதிபதி அயர், பெற்ற பிள்ளையின் மேல் இருக்கும் பற்று கடைசியாகத்தான் அறும் என்பதை எண்ணவில்லை. பகையால் வரும் பொய்யை ஸ்டீபன் பார்த்தார். பாசத்தால் வரும் பொய்யை இருவருமே பார்க்கவில்லை. நம் தீக்காயப் பிரிவுகளில் அதுதான் அதிகம் என்பது என் எண்ணம்.

மாறாக, இரண்டாவதுதான் பொய், அம்மா வீட்டார் சொல்லிக்கொடுத்தது என்றும் இருக்கலாம். முதலில் சொன்னது வெல்லும், கடைசியில் சொன்னது வெல்லும், நடுவர் பதிந்தது வெல்லும் என்று எந்தச் சூத்திரமும் கிடையாது. 1993-இல் வெளிவந்த கமலா தீர்ப்பிலும் 2010-இல் லக்கன் வழக்கிலும் முரண்பட்ட வாக்குமூலங்களை உச்ச நீதிமன்றம் எண்ணிப் பார்க்கவில்லை, எடைபோட்டது. எடைக்கல் வெளியே இருக்க வேண்டும்: உடலில் மண்ணெண்ணெய் வாடை, தீக்காயம் பரவிய விதம், ஸ்டவ் உடைந்திருந்ததா, கணவர் கையில் காயம் உண்டா, ஒவ்வொரு முறையும் அறையில் யார் யார். 2023-இல் உத்தரப் பிரதேச வழக்கு ஒன்றில், மூவரைத் தீவைத்துக் கொன்றதாகத் தூக்குத் தண்டனை பெற்றவரை உச்ச நீதிமன்றம் விடுவித்தது. வாக்குமூலங்களின் மேல் எழுந்த சந்தேகம் நீங்கவில்லை என்பதுதான் காரணம். அதே தாள்களை வைத்துத்தான் கீழ் நீதிமன்றம் தூக்கு விதித்திருந்தது, உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்திருந்தது. வெளியிலிருந்து ஒரு துரும்பு ஆதாரமும் இல்லாமல் வாக்குமூலத்தை மட்டும் வைத்து ஆயுள் தண்டனை தரலாமா என்பதில் நல்லவர்கள் வேறுபடலாம். தூக்குத் தரக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தவறைத் திருத்திக்கொள்ள வழியில்லாத தண்டனையை, குறுக்கு விசாரணைக்கு வழியில்லாத சாட்சியத்தின் மேல் கட்டுவது எந்தக் கோட்பாட்டிலும் தேறாது.

தமிழ்நாட்டில் வெட்டுக்குத்து வழக்குகளில் முதல் வாக்குமூலம் பெரும்பாலும் யாரும் வாக்குமூலம் என்று நினைக்காத தாளில் இருக்கும்: விபத்துப் பதிவேடு, ஏ.ஆர். காப்பி. அவசரப் பிரிவில் டாக்டர் கேட்டு எழுதுவது. ‘தெரிந்த நபர்கள் 3 பேர், அரிவாளால்’ என்று இரண்டு வரி. இரவு பதினொன்றுக்கு ஏ.ஆர். காப்பியில் 3 பேர், நள்ளிரவு கழித்து போலீஸ் எழுதியதில் 5 பேர், விடியற்காலை நடுவரிடம் 7 பேர் என்று ஏறிக்கொண்டே போனால், ஸ்டீபன் கேள்விப்பட்ட பஞ்சாப் கதை நம் மாவட்டத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். படிப்பறிவில்லாதவர் வாயில் ‘கொலை செய்யும் பொது நோக்கத்துடன்’ என்று வந்தால் அது அவர் வாய் அல்ல, காவல் நிலைய ரைட்டரின் கை.

எதிரித் தரப்பு வக்கீல் முதலில் கேட்டு வாங்க வேண்டியவை, ஆகவே, ஏ.ஆர். காப்பி, முழு கேஸ் ஷீட், நர்ஸ்கள் எழுதும் மருந்து அட்டவணை, நடுவருக்குத் தகவல் போன நேரம் குறித்த கடிதம். நடுவர் எழுதிய நேரத்தையும் ஊசி போட்ட நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பல வழக்குகளில் கேள்விகள் தாமாகவே வரும். அரசு வக்கீலும் இதையே முன்கூட்டிச் செய்தால், கூண்டில் டாக்டர் திணறுவதைத் தவிர்க்கலாம்.

இன்னொரு பிரிவு இருக்கிறது. பழைய 158, இப்போது 161. இறந்தவரின் வாக்குமூலத்தை ஒரு தரப்பு நிரூபித்துவிட்டால், அவர் கூண்டில் ஏறி அதைச் சொல்லியிருந்தால் என்னென்ன காட்டி முரண்படுத்தியிருக்கலாமோ, எதைக் காட்டி நம்பகத்தன்மையைக் குறைத்திருக்கலாமோ, அத்தனையையும் மற்றத் தரப்பு நிரூபிக்கலாம். அவர் முன்பு வேறு மாதிரிச் சொன்னதற்குச் சாட்சி, முன்விரோதம், அதே எதிரி மேல் முன்பு கொடுத்துப் பொய்யென்று முடிந்த புகார் எல்லாம் இதில் வரும். சாகிறவர் பொய் சொல்லமாட்டார் என்று சட்டம் நம்பியிருந்தால் இந்தப் பிரிவையே எழுதியிருக்காது. விசாரணை நீதிமன்றங்களில் இதன்கீழ் சாட்சி அழைக்க மனுப் போடுகிறவர்கள் மிகக் குறைவு. செத்தவரைப் பற்றி எப்படிக் கேட்பது என்ற கூச்சம் போலும்.